பச்சைக் கட்டியும் என் தம்பியும்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் அவன் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவான்.

மரத்தின் இலைகளுக்கெல்லாம் செங்கல் நிறம் தீட்டிய படத்துக்குப் பள்ளி ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினான். இலையுதிர் காலத்தை என்ன அழகாகப் பிடித்திருக்கிறான் என்று நடுவர் சொன்னார். அவன் பச்சை என்று நினைத்துத் தீட்டியது அது. பழக்கடையில் பழுத்தது எது, காய் எது என்று கண்ணால் பார்த்துத் தெரியாமல், முகர்ந்தும் காம்படியைத் தொட்டும் பிரித்துக் கொடுத்து, கடைக்காரருக்குச் சந்தேகமே வராமல் ஒரு கோடை முழுக்க வேலை பார்த்தான். சாணைப் பட்டறை ஒன்றில், மூன்று நிறக் கட்டிகளை வைத்துச் செய்கிற பாலிஷ் பெஞ்சில் ஓர் இடம் பிடித்தான். அந்த மூன்றில் இரண்டு நிறம் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். கடைசியாக, ஒரு காகித உறையின் மேல் தன் பெயரை எழுதும் உரிமையை ஜெயித்தான். நான் சொல்லப் போவது அந்த உறையின் கதை.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இரண்டுமே காய்ந்த சேறு மாதிரி இருக்கும் என்பான். சின்ன வயதில் ஒரு காலில் சிவப்புக் காலுறையும் மறு காலில் பச்சைக் காலுறையும் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் நான் கண்டுபிடித்தேன். வீட்டில் அவன் விளையாட்டுக்குச் செய்கிறான் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனைக்கும் என் பிழைப்பே நிறம்தான். துணி தைக்கும் கம்பெனியில் துணிக்கு ஏற்ற நூலை நிறம் ஒத்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், இருபது பச்சை நூல்கண்டுகளைக் கலந்து போட்டால் ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் திருப்பி வைப்பேன். ஒரே அம்மா வயிற்றில் பிறந்து, அவன் பங்கு நிறத்தையும் நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று அவன் கிண்டல் செய்வான்.

அவன் வேலை செய்யும் பட்டறை கத்தரிக்கோல்களுக்கானது. தையல்காரர்கள், முடி வெட்டுகிறவர்கள், பூக்கடைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் கொண்டுவந்து கொடுப்பார்கள். நீளமான ஒரே அறை. வாசலை ஒட்டி முதல் கல், சொரசொரப்பான சாணை. நடுவில் இரண்டாவது கல். கடைசியில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் பாலிஷ் பெஞ்ச். அங்கே கல் கிடையாது. மரப்பலகையில் ஒட்டிய தோல் பட்டைகள்தான். தோலில் மெழுகுக் கட்டியைத் தேய்த்து, அதன் மேல் கத்தரிக்கோலின் வாயை இழுக்க வேண்டும். கட்டியின் மெழுகுக்குள் அரைத்த தூள் இருக்கிறது. இரும்பைச் சீவுவது அந்தத் தூள்தான். அந்தப் பட்டறையில் வாங்கும் கம்பெனிக் கணக்கில் வெள்ளைக் கட்டியின் குருணை பெரியது, சிவப்பு நடுத்தரம், பச்சை எல்லாவற்றையும் விட நைஸ். கல்லில் எண் ஏற ஏற நைஸ். கட்டியில் குருணையின் அளவைச் சொல்லும் மைக்ரான் கணக்கு; எண் இறங்க இறங்க நைஸ். புதிதாக வருகிற எவரும் இதில் ஒரு தடவையாவது தலைகீழாக விழுவார்கள். தம்பி விழவில்லை. அவன் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டியை நகத்தில் தேய்த்துப் பார்ப்பான்.

கட்டிகள் மாறிப் போகாமல் இருக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். புதுக் கட்டியைப் பிரித்ததும் யாரையாவது என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு, அடியில் கத்தியால் வெட்டுப் போட்டுவிடுவான். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று. பிறகு விரலே போதும்.

பட்டறையை நடத்துவது ஒரு அம்மா. முதலாளியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் வைத்திருந்த விதி ஒன்று உண்டு. கூர் தீட்டி முடித்த கத்தரிக்கோலைக் காகித உறையில் போட்டு, கடைசிப் பெஞ்சில் இருந்தவர் உறையின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். கூர் சரியில்லை என்று திரும்பி வந்தால் அதே கை திரும்பத் தீட்டிக் கொடுக்கும். கையெழுத்து இல்லாதவர் செய்த வேலைக்கு முதலாளியம்மாவே போடுவார். அங்கே கையெழுத்து இருந்தது இரண்டே பேருக்கு. ஒன்று முதலாளியம்மா, இன்னொன்று கண்ணாடி.

கண்ணாடி என்பது பட்டப்பெயர். அவர் கண்ணாடி போடுவதில்லை. அவர் தீட்டிய இரும்பில் முகம் பார்த்து மீசை வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு முடிதிருத்துபவர் சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கு மணிக்கட்டில் வலி வந்து வீங்கிப் போனது. கையை அசைக்கவே கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். அப்படித்தான் தம்பி பாலிஷ் பெஞ்சுக்கு வந்தான். அதற்கு முன் வருடக்கணக்காக முதல் கல்லிலும் இரண்டாவது கல்லிலும் நின்றவன். உறைகளில் முதலாளியம்மாதான் கையெழுத்துப் போட்டார். "கண்ணாடி வர்ற வரைக்கும் நல்லா செஞ்சு காட்டு. உனக்கும் கையெழுத்துத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

சந்தோஷம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பார்லர் நடத்தும் ஒரு பெண் ஐந்து கத்தரிக்கோல்களையும் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார்.

"முடியை வெட்டச் சொன்னா மடக்குது. நேத்து ஒரு அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே போயிட்டாங்க. கூர் போட்டுக் குடுத்தீங்களா, இல்ல இருந்ததையும் எடுத்துட்டீங்களா?"

மறுநாள் ஒரு தையல்காரர் வந்தார். அதற்கடுத்து இன்னொருவர். முதலாளியம்மா தம்பியைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு தம்பி. சிவப்பையும் பச்சையையும் மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லம்மா. வெட்டுப் போட்டு வச்சிருக்கேன். விரல் தப்பாது."

"அப்ப வேற என்ன?"

"கட்டி மேலதான் சந்தேகமா இருக்கு."

"இதே கட்டியிலதானே கண்ணாடி ஒரு வருஷமா செஞ்சாரு? ஒரு உறை திரும்பி வரலையே. நீ உட்கார்ந்த அப்புறம்தானே வருது?"

முதலாளியம்மா கெட்டவர் இல்லை, கணக்காகப் பேசுகிறவர். பார்லர்க்காரரை இழந்தால் அவர் பேச்சைக் கேட்டு இன்னும் பலர் போய்விடுவார்கள். "அடுத்த வாரம் கண்ணாடி வர்றாரு. அதுக்குள்ள காரணம் தெரிஞ்சா சரி. இல்லாட்டி நீ பழையபடி முதல் கல்லுக்கே போயிடு. அப்புறம் பாலிஷ் பக்கம் வராத" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன் முகத்தைப் பார்த்து, கோபமாக இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். இல்லை. புதிர் ஒன்று மாட்டிக்கொண்ட முகம் அது. சாப்பிடும்போதுகூடக் கட்டைவிரல் நகத்தை உதட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை இருக்கா?"

"துணி துவைக்கணும்."

"அதை நான் துவைக்கிறேன். நீ எனக்குக் கண்ணைக் கொடு."

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை அவன் கைக்குப் போனது. ஒரு பழைய தகர டப்பாவிலிருந்து கட்டைவிரல் அளவு துண்டு ஒன்றை எடுத்தான். பட்டறையில் சேர்ந்த புதிதில் பெஞ்சடியைக் கூட்டும்போது கிடைத்த பழைய பச்சைக் கட்டியின் அடித்துண்டு. விரலுக்கு வழுவழுப்பாக இருந்தது பிடித்துப்போய் வைத்திருந்தானாம். அதன் பக்கத்தில் இப்போது பயன்படுத்தும் கட்டியிலிருந்து வெட்டிய துண்டை வைத்தான்.

"ரெண்டும் ஒரே பச்சையா?"

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். "இல்ல. பழசு மங்கலா, சாம்பல் கலந்த மாதிரி இருக்கு. புதுசு நல்லாப் பளிச்சுனு இருக்கு. நானா இருந்தா புதுசைத்தான் வாங்குவேன்."

"எல்லாரும் அப்படித்தான் வாங்கியிருப்பாங்க" என்றான்.

முதலில் தோல். என் பழைய கைப்பையை அறுத்துவிட்டான். அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்கிறேன். ஒரு பாதியில் பழையதையும் மறு பாதியில் புதியதையும் தேய்த்து, மழுங்கிப்போன காய்கறிக் கத்தியை இரண்டிலும் ஒரே மாதிரி இழுத்தான். பழையது தேய்த்த இடத்தில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. அந்தக் கறுப்பு சீவப்பட்ட இரும்பு. அது அவன் கண்ணுக்கும் தெரிகிற நிறம். புதியதில் எத்தனை இழுத்தாலும் தோல் அப்படியே பச்சையாக இருந்தது. நடுவில் ஒன்றிரண்டு கறுப்புக் கீறல்தான்.

"வேலை செய்யவே இல்லையேடா."

"அவசரப்படாதக்கா. கத்தியைப் பாரு."

கத்தியின் வாயை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான். பழையதில் இழுத்த பக்கம் மினுங்கியது. புதியதில் இழுத்த பக்கத்திலும் மினுமினுப்பு இருந்தது, மெழுகு பூசிய மாதிரி. துணியால் துடைத்தபோது மினுமினுப்பு துணியோடு வந்துவிட்டது. அடியில் மெல்லிய கீறல்கள்.

அடுத்து இரண்டு ஜாம் பாட்டில்களில் மண்ணெண்ணெய் ஊற்றினான். துண்டுகளைச் சீவி உள்ளே போட்டான். மெழுகு கரைய வேண்டும் என்றான்.

"அடுப்புப் பக்கம் போனே, காலை உடைச்சுடுவேன்."

"நான் என்ன பைத்தியமா? வெயில்ல வைக்கப் போறேன்."

ஜன்னல் கட்டையில் வெயில் விழுந்தது. பாட்டில்களை அங்கே வைத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் துணி துவைக்கப் போனான். நடுநடுவே ஈரக்கையோடு வந்து பாட்டிலைக் குலுக்கிவிட்டுப் போனான். துணியெல்லாம் காயப் போட்டு வந்தபோது இரண்டும் தெளிந்திருந்தன.

"சொல்லுக்கா."

"பழசுல மேல தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. அடியில கரும்பச்சைத் தூள். புதுசுல மேல எண்ணெயே பச்சையா இருக்கு. அடியில..." நான் குனிந்து பார்த்தேன். "அடியில வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி இருக்கு."

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சிரித்தான். "சாயம்க்கா. நிஜக் கட்டியில பச்சையா இருக்கிறதே அந்தத் தூள்தான், எண்ணெய்ல கரையாது. இதுல ஏதோ வெள்ளை மாவுல சாயத்தை ஊத்தியிருக்கான்."

இரண்டு அடித்தூளையும் எடுத்து, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தான். என் காதைப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். பழையது முகப் பவுடர் மாதிரி சத்தமே இல்லாமல் வழுக்கியது. புதியதும் முக்கால்வாசி அப்படித்தான். ஆனால் திடீர் திடீரென்று ஒரு 'கிறீச்'. மாவுக்குள் அங்கங்கே பெரிய குருணை. கீறல் அதனால்தான்.

போலி என்பது தெரிந்துவிட்டது. நான் கிளம்பலாம், இன்றைக்கே முதலாளியம்மா வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவன் நகரவில்லை.

"கண்ணாடி அண்ணன் ஒரு வருஷமா இதே கட்டியில செஞ்சாருன்னு சொல்றாங்களே. இதை வச்சு எப்படி ஒரு மனுஷன் கூர் கொண்டுவர முடியும்? அது தெரியாம போனா அம்மா முதல் கேள்வியிலயே என்னை மடக்கிடுவாங்க."

நியாயம்தான். ஒருவேளை கண்ணாடிக்கு வந்தது நல்ல கட்டி, இவனுக்கு வந்தது மட்டும் போலியோ என்று நினைத்தோம். அந்த நினைப்போடுதான் கண்ணாடி திரும்பி வந்த நாளில் நானும் கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். நிறம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

கட்டி விற்கும் ஏஜென்ட்டையும் முதலாளியம்மா வரச் சொல்லியிருந்தார். அவருக்குப் பட்டறையில் வைத்த பெயர் சென்ட். வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். தம்பி பாட்டில்களை மேஜையில் வைத்ததும் அவர் நெஞ்சில் கை வைத்தார்.

"அம்மா, சத்தியமாச் சொல்றேன். போன வருஷம் குடுத்த அதே சரக்கு. அதே இடத்துல எடுத்தது. அப்ப நல்லா இருந்தது இப்ப எப்படிம்மா கெட்டுப் போகும்? பயலுக்கு வேலை தெரியலைன்னா கட்டி என்ன பண்ணும்?"

முதலாளியம்மா தம்பியைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கையில் நாலு காகிதப் பொட்டலங்கள். வெள்ளை, சிவப்பு, தம்பி வைத்திருந்த கட்டி, கண்ணாடியின் மேஜை அறையில் போன வருடத்திலிருந்து மிச்சம் இருந்த கட்டி. ஒவ்வொன்றிலும் அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒரு துண்டு. விரலுக்கு அகப்பட வெட்டுக் கிடையாது.

"உனக்குத்தான் கண்ணே வேண்டாமே. கையால சொல்லு பார்ப்போம்."

தம்பி தன் தகர டப்பாத் துண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஐந்து தோல் பட்டைகள். ஒவ்வொன்றிலும் தேய்த்து, ஒரே கத்தியை ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு இழுத்தான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். இரண்டாவது கல்காரர் டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

"இது வெள்ளை. கரகரன்னு கையில ஏறுது. இது சிவப்பு." இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டான். மீதி இரண்டையும் திரும்பத் திரும்ப இழுத்தான். காதைக் கிட்டே கொண்டுபோனான். "இந்த ரெண்டும் ஒண்ணு. ரெண்டுமே போலி."

சென்ட் கைதட்டிச் சிரித்தார். "பாத்தீங்களாம்மா! கண்ணாடியோட கட்டியையே போலின்னுட்டான்!"

"வெளுத்துப் போச்சு தம்பி சாயம்" என்றார் இரண்டாவது கல்காரர்.

"இன்னும் வெளுக்கலைண்ணே. மண்ணெண்ணெய் எடுங்க."

கண்ணாடியின் கட்டித் துண்டைச் சீவிப் பாட்டிலில் போட்டு, வாசல் வெயிலில் வைத்தோம். தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டிருக்கவே வேண்டாம். கண் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்தது. மேலே பச்சை, அடியில் வெள்ளை.

சென்ட்டின் முகத்தில் வாசனை மட்டும்தான் மிச்சம் இருந்தது. "அதே சரக்குன்னு நீங்க சொன்னது நிஜம்தான்" என்றார் முதலாளியம்மா. சிரிக்காமல் சொன்னார்.

ஆனால் தம்பி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இன்னும் கட்டுப் பிரிக்காத கையோடு மூலையில் உட்கார்ந்திருந்த கண்ணாடியிடம் போனான்.

"அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும். இதை வச்சு எப்படிக் கூர் கொண்டுவந்தீங்க? எனக்கு வரவே இல்லையே."

கண்ணாடி பெஞ்சுக்கு வந்து, இடது கையால் ஒரு கத்தரிக்கோலை எடுத்துத் தோலில் இழுத்துக் காட்டினார். தோள் முழுவதும் இறங்கியது. அவ்வளவு அழுத்தம். முழுக்கக் கைபலத்தாலேயே இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய தோல் பட்டையை எல்லோரும் பார்த்தோம். நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்திருந்தது.

"முன்னெல்லாம் இப்படி அழுத்த வேண்டியதில்ல" என்றார் மெதுவாக. "வயசாகுது, கை தளர்ந்துடுச்சுன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம்." கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். "அட, கட்டி செய்ய வேண்டிய வேலையை இது செஞ்சிருக்கு."

"கைதான்ணே உங்களுக்கு நல்லா இருந்திருக்கு. கட்டிதான் தளர்ந்து போச்சு" என்றான் தம்பி. கண்ணாடி அவன் முதுகில் ஒன்று வைத்தார், கட்டுப் போட்ட கையாலேயே. வைத்துவிட்டு 'ஆ' என்று கத்தினார்.

முதலாளியம்மா வேறொரு கடைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பெட்டியின் அச்சையும் ஒட்டியிருந்த முத்திரையையும் காட்டிக்கொண்டே இருந்தார். தம்பி அதையெல்லாம் பார்க்காமல் பையிலிருந்து தோல் துண்டை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்ததும், "இவரு யாரும்மா?" என்று கேட்டாராம். "எங்க கண்ணு" என்றாராம் முதலாளியம்மா. மூன்றாவது பெட்டியில்தான் கறுப்புக் கோடு விழுந்தது.

பார்லர்க்காரரின் ஐந்து கத்தரிக்கோல்களையும் தம்பி முதல் கல்லிலிருந்து தொடங்கித் திரும்பத் தீட்டினான். அவர் வந்தபோது, மெல்லிய காகிதக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கையில் கொடுத்தான். நனைந்த காகிதத்தை மழுங்கிய கத்தரிக்கோல் மடக்கும். கூரானது நுனிவரை வெட்டும். அவர் வெட்டினார். ஒன்று, இரண்டு, ஐந்திலும் வெட்டினார். ஐந்தாவதை வெட்டி முடித்த பிறகும் விடாமல், காகிதத்தைப் பொடிப் பொடியாக நறுக்கிக்கொண்டே நின்றார்.

"அம்மா, போதும். மேஜையைக் கூட்டறது நான்தான்" என்றான் தம்பி.

முதலாளியம்மா உறைகளை எடுத்தார். தான் போட வேண்டிய இடத்தைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தார். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் கிடந்த பேனாக்களில் ஒன்றை எடுத்தான். அவன் பெயர் நீளமானது. ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, புள்ளி விடாமல் எழுதினான். கண்ணாடி மூலையிலிருந்து, "அழுத்தாதடா, மணிக்கட்டு போயிடும்" என்றார்.

பார்லர்க்காரர் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன, பரீட்சை பேப்பர் திருத்தின மாதிரி இருக்கு?" என்றார். அவன் எடுத்தது சிவப்பு மைப் பேனா. அவன் என்னைப் பார்த்தான். நல்ல சிவப்பு அது. ஆயிரம் நூல்கண்டில் கலந்து போட்டாலும் திருப்பி எடுத்துவிடுவேன்.

என் தம்பி தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்தாகப் போட்டது 2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை.